ஒருநபர் நிறுமம்: ‘லிமிடெட்’ எதற்கு வரம்பு கட்டுகிறது?

பத்தமடையில் பாய் வணிகம் செய்யும் என் அத்தான், தாம் ஒருவராகவே பதிவு செய்துகொண்ட நிறுவனத்துக்குப் பெயர்ப்பலகை எழுதக் கொடுத்திருந்தார். திருநெல்வேலி டவுணில் அதை எழுதிக்கொண்டிருந்த ஓவியர், ‘பிரைவேட் லிமிடெட்’ என்ற இடம் வந்ததும் தூரிகையை நிறுத்தி, “லிமிடெட்டுன்னா அளவா நடத்துத கடையா, அண்ணாச்சி?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. ‘லிமிடெட் லயபிலிட்டி’ என்னும் முழுத்தொடரில் பொறுப்பைக் குறிக்கும் பின்பாதி உதிர்ந்து, அடைமொழி மட்டும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நாமும் அந்த எச்சத்தையே ‘வரையறுக்கப்பட்ட’ என்று பெயர்த்ததால், எது வரையறுக்கப்பட்டது என்பது தமிழிலும் தெரியாமற் போயிற்று. வரம்பு கட்டப்படுவது வணிகத்துக்கு அன்று; கடனுக்காக உரிமையாளர் ஏற்க வேண்டிய பொறுப்புக்கு.

‘கம்பெனி’ என்பதன் வேரில், ரொட்டியைப் பகிர்ந்து உடனுண்போர் என்னும் பொருள்தரும் லத்தீன் சொற்கள் உள்ளன. நம் சீமைக்கு அது முதலில் ‘கும்பினி’யாக, கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட ஆட்சியின் பெயராகவே வந்தது. பின்னர் 1906-இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, பங்கு ஒன்று 25 ரூபாயாக விற்றபோது அதே சொல் நம்மவர் கைக்கு மாறியது. ஒரு பங்கை முழுப்பணம் கட்டி வாங்கியவர், கம்பெனி நொடித்தாலும் இழக்கக்கூடியது அந்த 25 ரூபாய்தான். கடன்காரர் அவர் வீட்டுப் படியேற முடியாது. லிமிடெட் என்பதன் பொருள் இவ்வளவே.

உடனுண்போர் என்னும் சொல்லைத் தனியொருவருக்குச் சூட்டுவது, ஒற்றை இலை போட்டுப் பந்தி என்பது போலத்தான். ஆயினும், தனியார் நிறுமத்துக்கு (கம்பெனிக்கு) குறைந்தது இருவர் வேண்டும் என்றிருந்த நிலையை மாற்றி, 2013-ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் ஒருவரே தொடங்கவும் வழிசெய்தது. அவர் இறந்தாலோ ஒப்பந்தம் செய்யும் தகுதியை இழந்தாலோ உறுப்பினராக வேண்டியவரை, அதாவது நாமினியை, அந்த நாமினியின் எழுத்துவழி ஒப்புதலோடு தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்.

தமிழ்ச்சொல்லுக்கு வருவோம். ‘நிறுவனம்’ பள்ளிக்கும் அறக்கட்டளைக்கும்கூடப் பொருந்தும் பொதுச்சொல். வணிகவியல் பாடநூல்கள் ஆளும் ‘நிறுமம்’ சட்டப்படி பதிவான அமைப்பையே சுட்டுவதால் அதுவே தகும். ‘வரையறுக்கப்பட்ட’ என்பதைவிட ‘வரம்புறு பொறுப்பு’ என்பது எனக்கு உகந்தது. வரம்பு என்பது வரப்பு; தாமிரபரணிப் பாசன வயல்களில், ஒரு வயலில் நின்ற நீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் தடுக்கும் மண்கட்டு. தொழிலில் வந்த நட்டம் வீட்டுக்குள் பாயாமல் தடுப்பதும் அத்தகைய கட்டே. எனவே ‘வரம்புறு பொறுப்பு ஒருநபர் நிறுமம்’ என்பது நீளமானாலும் பொருள் குறையாத தொடர். ஆனால் வங்கிக் கடனுக்கு உரிமையாளரே தனிப்பட்ட பிணையாகக் கையெழுத்திட்டால், அந்தக் கடன் அளவில் வரப்பைத் தாமே வெட்டிவிட்டவர் ஆகிறார்.

பலகையில் உள்ளூர் மொழியின் எழுத்தும் இருக்க வேண்டும், பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ஒருநபர் நிறுமம் என்பதைக் காட்ட வேண்டும் என்பன சட்டத்தின் விதிகள். எழுத்துதான் தமிழாக வேண்டுமே தவிர, சொல் தமிழாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. நான் ‘ஒருநபர் நிறுமம்’ என்று எழுதச் சொன்னேன். பதிவுச் சான்றில் உள்ளபடியே இருக்கட்டும் என்று அத்தான் சொல்லிவிட்டதால், ஓவியர் ‘ஒன் பர்சன் கம்பெனி’ என்று சிவப்பில் எழுதி முடித்தார்.