எது கரு? ஈஸ்ட் ஆராய்ந்த ஒரு குருவானவரின் கேள்வி

கருப்பைக்குள் வளர்வதெல்லாம் கரு ஆகிவிடாது. முத்துப்பிள்ளை கர்ப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உட்கரு இல்லாத ஒரு கருமுட்டைக்குள் விந்தணு நுழைகிறது. பெரும்பாலும் அதன் 23 குரோமோசோம்கள் இரட்டித்து 46 ஆகிவிடுகின்றன. எண்ணிக்கை சரிதான், ஆனால் அத்தனையும் தகப்பன் வழி வந்தவை. செல்கள் பிரிகின்றன, கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, கர்ப்பப் பரிசோதனையிலும் கர்ப்பம் என்றே வருகிறது. ஸ்கேன் எடுத்தால் குழந்தையைக் காணோம். நஞ்சுக்கொடித் திசு மட்டும் நீர் கோத்த கொப்புளங்களாக, திராட்சைக் கொத்துபோல வீங்கிக் கிடக்கிறது.

சில மரபணுக்கள் தாய்வழிப் பிரதியில் மட்டுமே வேலை செய்யும், சில தந்தைவழிப் பிரதியில் மட்டுமே. தந்தைவழிப் பிரதிகளே இரண்டு மடங்காக இருந்தால் நஞ்சுக்கொடி கட்டுக்கடங்காமல் வளரும், உடலைக் கட்டும் வேலை நடக்காது. மனிதக் குரோமோசோம்கள் 46 இருந்தும் அங்கே ஒரு மனித உயிரி உருவாகவில்லை என்றால், எது இருந்தால் கரு? மரபணுக்கள் மட்டும் போதாது என்பது வரை தெரிகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தக் கேள்வியை எடுத்து வேலை செய்தவர்களில் ஒருவர் அருட்தந்தை நிக்கானோர் ஆஸ்ட்ரியாக்கோ. டொமினிகன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருவானவர், அமெரிக்காவின் பிராவிடன்ஸ் கல்லூரியில் நெடுங்காலம் உயிரியல் பேராசிரியர். சபையில் சேர்வதற்கு முன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லெனர்ட் குவாரென்டேயின் ஆய்வகத்தில், மாவைப் புளிக்க வைக்கும் ஒற்றைச் செல் உயிரியான ஈஸ்ட் எப்படி முதுமையடைகிறது என்று ஆராய்ந்தவர். அந்த ஆராய்ச்சி பொறுமையைச் சோதிக்கும். ஈஸ்டின் தாய் செல்லில் ஒரு சிறு மொட்டு அரும்பி, பெருத்து, மகள் செல்லாகப் பிரியும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடியே மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்த மகளைத் தள்ளி வைக்க வேண்டும், எண்ணிக்கொள்ள வேண்டும், அடுத்த மொட்டுக்குக் காத்திருக்க வேண்டும். இருபது சொச்சம் மகள்களைப் பெற்றதும் தாய் நின்றுவிடும். எஸ்ஐஆர்4 என்ற மரபணுவில் வந்த ஒரு மாற்றம் அந்த ஆயுளை நீட்டிக்கும் என்று 1995-ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது.

செல்லை இப்படி நாள்கணக்கில் பார்த்தவருக்கு அது ஓயாமல் இயங்கும் ஓர் அமைப்பாகத் தெரிவதில் வியப்பில்லை. அவருடைய அறநெறி எழுத்தும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. கருவுறாத முட்டை ஏறக்குறைய உறைந்த நிலையில் இருக்கிறது. விந்தணு நுழைந்ததும் முட்டைக்குள் கால்சியம் அலை ஒன்று பரவுகிறது, புறவுறை இறுகி மற்ற விந்தணுக்களைத் தடுக்கிறது, மூலக்கூறுகளின் வலைப்பின்னல் முழுவதும் புதிய திசையில் ஓடத் தொடங்குகிறது. தன்னைத் தானே முழு உடலாக வளர்த்துக்கொண்டு போகும் அந்த இயக்கம் தொடங்கும் இடத்தில் உயிரி தொடங்குகிறது என்பது அவர் வாதம். பல்லும் முடியும் முளைத்துக் கிடக்கும் டெரட்டோமா கட்டிகளில் திசுக்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றை ஒருங்கிணைக்கும் அந்த இயக்கம் இல்லை. அதனால் அது கரு இல்லை.

இது வெறும் தத்துவச் சர்ச்சையாக நிற்காததற்குக் காரணம் ஸ்டெம் செல், அதாவது உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல். 1998-ல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து முதன்முறையாக ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தார். அதற்காகக் கரு அழிய வேண்டியிருந்தது. கருவுற்ற கணத்திலிருந்தே மனித உயிரை மனித நபராக மதித்து நடத்த வேண்டும் என்று 1987-லேயே சொல்லியிருந்த கத்தோலிக்கத் திருச்சபையால் இதை ஏற்க முடியவில்லை. சரி, கருவே உருவாகாமல் அதே செல்களைப் பெற முடியுமா?

ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர் வில்லியம் ஹர்ல்பட் ஒரு வழி சொன்னார். குளோனிங்கில், முட்டையின் உட்கருவை எடுத்துவிட்டு உடல் செல் ஒன்றின் உட்கருவை வைப்பார்கள். வைப்பதற்கு முன்பே அந்த உட்கருவில் ஒரு முக்கிய மரபணுவை முடக்கிவிட்டால், உருவாவது கருவாக இருக்காது, ஸ்டெம் செல்கள் மட்டும் கிடைக்கும் என்றார். 2005-ல் ருடால்ஃப் யேனிஷும் அலெக்சாண்டர் மைஸ்னரும் எலியில் இதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் முடக்கியது நஞ்சுக்கொடியின் முன்னோடி அடுக்குக்குத் தேவையான சிடிஎக்ஸ்2 மரபணு. உருவான செல்திரள் கருப்பையில் ஒட்டவில்லை, ஆனால் ஸ்டெம் செல்களைத் தந்தது.

கத்தோலிக்க அறிஞர்களிலேயே ஒரு சாரார் இதை ஏற்கவில்லை. சிடிஎக்ஸ்2-இன் வேலை சில செல்பிரிவுகளுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. அதுவரை நன்றாக வளர்ந்த ஒரு கருவை, பிறகு சாகும்படி முன்கூட்டியே ஊனப்படுத்தியிருக்கிறீர்கள் என்றார்கள். எனக்கு இந்த மறுப்பு மிக வலுவானதாகப் படுகிறது. அந்த மரபணுவின் தாக்கம் இரண்டு செல் நிலையிலேயே தொடங்கிவிடுகிறது என்று 2006-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அது உண்மையானால் இந்த மறுப்பு வலுவிழந்துவிடும். ஆனால் படங்கள் திருத்தப்பட்டவை என்று தெரிந்து அடுத்த ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. ஓர் அறநெறி முடிவு ஆய்வகத் தரவை எவ்வளவு நம்பி நிற்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்த திட்டத்தை ஆஸ்ட்ரியாக்கோ ஆதரித்தார். அதில் எந்த மரபணுவையும் முடக்குவதில்லை. நானோக் போன்ற ஸ்டெம் செல்லுக்கே உரிய மரபணுக்களை முன்கூட்டியே இயக்கிவிட்டு உட்கருவை மாற்றினால், முதல் நொடியிலிருந்தே அது ஸ்டெம் செல்லாக இருக்கும், கருநிலையைத் தொடவே தொடாது என்பது எண்ணம். வத்திக்கான் 2008-ல் வெளியிட்ட ஆவணம் இரண்டு முறைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. உருவாவது என்ன என்ற ஐயம் தீராதவரை, அது மனித நபராக இருக்கலாம் என்ற வாய்ப்பு ஒன்றே தடைக்குப் போதும் என்று நிறுத்திவிட்டது.

அதற்குள் ஜப்பானில் ஷின்யா யமனாகா வேறு பாதை திறந்துவிட்டார். நான்கே மரபணுக்களைச் செலுத்தி, 2006-ல் எலியின் உடல் செல்லையும் 2007-ல் மனிதத் தோல் செல்லையும் ஸ்டெம் செல்லாக மாற்றினார். முட்டையும் வேண்டாம், கருவும் வேண்டாம். 2012-ல் நோபல் பரிசு. ஸ்டெம் செல்லுக்காகக் கருவை அழிக்க வேண்டிய கட்டாயம் பெருமளவு தணிந்தது.

கேள்வி மட்டும் தணியவில்லை. 2023-ல் இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தில் ஜேக்கப் ஹன்னாவின் குழு, விந்தணுவும் முட்டையும் இல்லாமல் ஸ்டெம் செல்களை மட்டும் வைத்து, 14 நாள் மனிதக் கருவை ஒத்த மாதிரிகளை வளர்த்தது. முயற்சிகளில் மிகச் சிறு பங்குதான் அந்த வடிவத்தை எட்டியது. எட்டியவற்றில் நஞ்சுக்கொடியின் முன்னோடிச் செல்கள் இருந்தன, மஞ்சள்கருப் பையும் இருந்தது. இவற்றை மாதிரி என்பதா, கரு என்பதா? வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்துப் பதில் சொல்லிவிட முடியாது. முழு உடலை நோக்கித் தன்னைத் தானே நடத்திக்கொண்டு போகும் இயக்கம் அவற்றுக்குள் இருக்கிறதா என்று செல் செல்லாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.