தகரக் கூரையில் மழை: ஒரு செக் பான்ஜோ எப்படி ஒலிக்கிறது?

சேலத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். செக் நாட்டின் 'துருஹா த்ராவா' என்ற இசைக்குழுவின் பாட்டு ஒன்றை அவருடைய மகன் வீட்டில் ஒலிக்கவிட்டிருக்கிறான். "ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் தகரக் கூரையில் மழைத்துளி விழுவதைப் போல ஒரு வாத்தியம் இடைவிடாமல் உதிர்ந்துகொண்டே இருந்தது. கித்தாரிலும் எஃகுக் கம்பி, இதிலும் எஃகுக் கம்பி என்கிறான் பையன். பிறகு ஏன் இது மட்டும் இப்படி ஒலிக்கிறது?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. அந்த வாத்தியத்தின் பெயர் ஐந்து கம்பி பான்ஜோ. நம் ஊர்க் கச்சேரிகளில் விசைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவையும் சிலர் 'பெஞ்சோ' என்பார்கள், இது வேறு. வட்டமான வளையத்தின் மேல் தோலை இழுத்துக் கட்டி, அதன் மேல் கம்பிகளை ஓட்டினால் பான்ஜோ. மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த வாத்தியங்கள் இதன் முன்னோர். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள் அந்த அறிவைக் கடல் கடந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1945 டிசம்பரில் அமெரிக்க இசைக்கலைஞர் பில் மன்றோவின் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் சேர்ந்து, மூன்று விரலால் பான்ஜோவை மீட்டினார். அந்தக் குழுவின் பெயரே பிறகு ஓர் இசைமரபின் பெயராயிற்று.

அது செக் நாட்டுக்குப் போன கதை எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் மூனிக் நகரிலிருந்து அமெரிக்கப் படையினருக்காக ஒலிபரப்பான வானொலியை எல்லைக்கு அப்பால் செக் இளைஞர்களும் கேட்டார்கள். இசை காதுக்கு வந்துவிட்டது, வாத்தியம் கைக்கு வரவில்லை. 1964இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் பிராக் நகரில் பாடினார். அவர் கையில் இருந்த ஐந்து கம்பி பான்ஜோவைப் படம் பிடித்து, அந்தப் படங்களைப் பார்த்தே மார்கோ செர்மாக் என்பவர் தனக்கு ஒன்றைச் செய்துகொண்டார். அவர் வாசித்த 'கிரீன்ஹார்ன்ஸ்' குழு 1968இன் சோவியத் படையெடுப்புக்குப் பிந்தைய கெடுபிடிக் காலத்தில் ஆங்கிலப் பெயரை விட்டு 'செலெனாச்சி' என்று செக் பெயருக்கு மாற வேண்டியிருந்தது. ஆனாலும் இசை நிற்கவில்லை. 1973இல் கோப்பிட்ல்னோ என்ற சிற்றூரில் பான்ஜோ விழா ஒன்றையே தொடங்கினார்கள். இன்று செக் கைவினைஞர்கள் செய்யும் பான்ஜோக்களை அமெரிக்கர்களே வாங்குகிறார்கள்.

துருஹா த்ராவா 1991இல் உருவானது. பெயருக்கு 'இரண்டாம் புல்' என்று பொருள். பாடகர் ராபர்ட் க்ரெஸ்த்யான், பான்ஜோ கலைஞர் லுபோஷ் மலினா இருவரும் அதன் தூண்கள். பாப் டிலனைச் செக் மொழியில் பாடுகிறார்கள், அமெரிக்கப் பாடகர் பீட்டர் ரோவனோடு சேர்ந்து இசைத்தட்டு போட்டிருக்கிறார்கள், பால்கன் நாட்டுப் புல்லாங்குழலையும் உள்ளே கொண்டுவருகிறார்கள். இத்தனையும் ஒன்றோடொன்று முட்டாமல் ஓடுவதற்குக் காரணம் அந்தப் பான்ஜோவின் இயற்பியலில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கம்பி மட்டும் அதிர்ந்தால் ஒலி வராது. மெல்லிய கம்பியால் காற்றைத் தள்ள முடியாது. கம்பி தன்னைத் தாங்கி நிற்கும் சிறு கட்டையை, அதாவது குதிரையை, அசைக்க வேண்டும், குதிரை ஓர் அகன்ற பரப்பை அசைக்க வேண்டும், பரப்பு காற்றை அசைக்க வேண்டும். பள்ளியில் படித்ததுதான்.

இப்போது எடையைப் பாருங்கள். கித்தாரின் மேற்பலகை மரம். உள்ளே ஒட்டிய தாங்குகட்டைகளோடு 150 கிராமுக்குக் குறையாது. பான்ஜோவின் தோல் இன்று பெரும்பாலும் பாலியஸ்டர் பிலிம். குறுக்களவு சுமார் 28 செ.மீ., கனம் ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. கணக்குப் போட்டால் மொத்தத் தோலும் 20 கிராம் அளவில்தான் வருகிறது. அதன் மேல் நிற்கும் குதிரை இரண்டு கிராம் சொச்சம். அதை ஒட்டுவதுகூட இல்லை. கம்பிகளின் அழுத்தம் மட்டுமே அதை நிறுத்திவைக்கிறது.

ஒரு கயிற்றின் முனையைச் சுவரில் கட்டி உதறுங்கள். அலை போய் மோதி அப்படியே திரும்பி வரும். அதே முனையை ஒரு திரைச்சீலையில் கட்டி உதறினால் சீலை ஆடும், திரும்பி வரும் அலை மெலிந்திருக்கும். கித்தார்க் கம்பிக்கு மரப்பலகை கிட்டத்தட்டச் சுவர். அலை பலமுறை போய்வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆற்றலை மட்டும் விட்டுக்கொடுக்கிறது. பான்ஜோக் கம்பிக்குத் தோல் திரைச்சீலை. ஆற்றல் மடமடவென்று காற்றில் இறங்கிவிடுகிறது.

மீட்டும்போது விரல் கம்பிக்குக் கொடுக்கும் ஆற்றல் இரண்டு வாத்தியத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே அளவு தண்ணீர் உள்ள இரண்டு தொட்டிகள். ஒன்றுக்குச் சிறு குழாய், மற்றொன்றுக்குப் பெரிய மதகு. மதகைத் திறந்தால் பாய்ச்சல் பெரிது, சீக்கிரம் வற்றும். பான்ஜோ உரக்கப் பேசுவதும் உடனே அடங்குவதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். அதோடு, கனமான பலகை வேகமான அதிர்வுகளுக்கு ஈடுகொடுக்கத் திணறும், இலேசான தோல் ஈடுகொடுத்துவிடும். அதனால் உயர்ந்த அதிர்வெண்களும் தாராளமாக வெளியே வருகின்றன. ஆசிரியை கேட்ட தகரக் கூரை இதுதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஓர் எவர்சில்வர் கிண்ணத்தின் வாயில் பலூனை வெட்டி இறுக்கமாகப் போர்த்துங்கள். கிண்ணத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, பலூனுக்கும் ரப்பருக்கும் நடுவே மடித்த அட்டைத்துண்டைக் குதிரையாக நிறுத்துங்கள். மீட்டினால் 'டப்' என்று வெடித்து அடங்கும். அதே ரப்பரைத் தடித்த மரப்பலகையில் மாட்டி மீட்டினால் முனகலாக நீளும். மாணவர்கள் கையால் செய்து காதால் கேட்க வேண்டிய பாடம் இது.

டேவிட் பொலிட்சர் பற்றியும் சொல்ல வேண்டும். அணுக்கருவுக்குள் குவார்க்குகள் நெருங்க நெருங்க அவற்றிடையே விசை தளர்கிறது என்று கண்டதற்காக 2004இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பான்ஜோப் பிரியர். கம்பிகள் குதிரையின் மேல் ஏறி மறுபக்கம் சரிந்து இறங்குகின்றன அல்லவா? குதிரை மேலும் கீழும் ஆடும்போது கம்பியின் இழுவிசையும் மிகச்சிறிதளவு கூடிக் குறையும், அதனால் சுரமே நுண்ணிதாக நடுங்கும், அந்த நடுக்கம்தான் உலோகத்தன்மையைத் தருகிறது என்று 2014இல் அவர் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். பண்பலை வானொலியில் நடக்கும் அதே வகை மாற்றம். 2021இல் கேம்பிரிட்ஜின் ஜிம் வுட்ஹவுஸ் முதலியவர்களோடு சேர்ந்து பான்ஜோவின் ஒலியை அளந்து ஆய்வுக்கட்டுரையும் வெளியிட்டார்.

"பான்ஜோவை ஆராய்ந்து என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு நான் இயற்பியலாளர் சி.வி. ராமனை நினைவூட்டுவேன். வெறும் தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று இசையாத விகிதத்தில் வருபவை. மிருதங்கத் தோலின் நடுவே கரணை என்ற கரும்பசையை வைத்ததும் அவை முழுஎண் விகிதத்துக்கு நெருங்கி இனிமையாகின்றன. இதை விளக்கி சி.வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். யாரும் கேட்டு அவர் மிருதங்கத்தைத் தட்டிப்பார்க்கவில்லை. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே உடனடிப் பயனைக் கேட்கும் நிதிமுறை இப்படிப்பட்ட ஆர்வத்தைக் கொன்றுவிடும் என்று உறுதியாக நம்புகிறேன். போருக்கு முந்தைய பான்ஜோக்களின் உலோக வளையத்தில் ஏதோ மாயம் இருப்பதாகச் சொல்லிப் பெரும்பணம் கொடுப்பவர்கள் உண்டு. கலைஞனின் காதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் காது கண்ணைக் கட்டிக்கொண்டும் வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். அதற்கும் அளவீடுதான் துணை.

இனி என் மனதை விட்டு நீங்காத பகுதிக்கு வருகிறேன். சுரம் சீக்கிரம் அடங்கிவிடுகிறது என்றால் வாசிப்பவர் என்ன செய்வார்? ஓயாமல் மீட்டிக்கொண்டே இருப்பார். ஒரே விரலால் அந்த வேகம் முடியாது. அதனால்தான் மூன்று விரல்.

பான்ஜோவின் சுருதியை நம் சுரங்களில் சொல்கிறேன். நாலாவது கம்பி கீழ் ப, மூன்றாவது ச, இரண்டாவது அந்தர காந்தாரமான க, முதலாவது ப. ஐந்தாவது கம்பி மட்டும் குட்டை. கழுத்தின் முனைவரை போகாமல் ஐந்தாவது மெட்டிலேயே தனி முடுக்காணியில் நின்றுவிடும். வரிசைப்படி பார்த்தால் தடித்த கம்பி இருக்க வேண்டிய ஓரத்தில், கட்டைவிரலின் பக்கத்தில், எல்லாவற்றிலும் உயர்ந்த மேல் சட்ஜம் உட்கார்ந்திருக்கிறது, 392 ஹெர்ட்ஸ். இதை அழுத்தி வாசிப்பது அபூர்வம். பெரும்பாலும் தன் சுரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இப்போது ஒரு சுற்று. கட்டைவிரல் ச, சுட்டுவிரல் க, நடுவிரல் ப. மறுபடி கட்டைவிரல், இம்முறை ஐந்தாம் கம்பியின் மேல் ச. சுட்டுவிரல் க, நடுவிரல் ப. கட்டைவிரல் மேல் ச, நடுவிரல் ப. எட்டு முடிந்தது. அடுத்த சுற்று.

மெதுவாக மேசையில் தட்டிப்பாருங்கள். கட்டைவிரல் விழுந்த இடங்கள் 1, 4, 7. கனமான விரல் அதுவே, ஆகவே காதில் அழுத்தம் அங்கே விழுகிறது: மூன்று, மூன்று, இரண்டு. பாட்டோ இரண்டு இரண்டாக, நாலு நாலாக நடக்கிறது. கீழே டபுள் பாஸ் என்ற பெரிய தாழ்சுருதி வாத்தியம் சீராக நடந்துகொண்டிருக்க, மேலே பான்ஜோ அந்த நடையை வேறு மாதிரி பங்கிட்டு, எட்டாவதில் வந்து சேர்ந்துகொள்கிறது. எட்டை மூன்றால் வகுத்தால் மீதி வருவதால்தான் இந்த இசை துள்ளுகிறது. மீதியே இல்லாத கணக்காக இருந்திருந்தால் தறி ஓடுவதுபோல ஒரே சீராக இருந்திருக்கும்.

வேகத்தையும் கணக்கிடுவோம். நிமிடத்துக்கு 150 தட்டு, தட்டுக்கு நாலு சுரம் என்றால் நொடிக்கு 10 சுரம். இரண்டு சுரத்துக்கு நடுவே 0.1 நொடிதான். ஆனால் ஒரு விரலுக்கு ஓய்வு பெரும்பாலும் 0.3 நொடி. ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு முறை வேலை செய்வதே இல்லை, அந்த வேகம் சாத்தியமாவது அதனால்தான். ஒலி நீளும் வாத்தியத்தில் இதே வேகத்தில் வாசித்தால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பிவிடும். பான்ஜோவில் முந்தைய துளி வற்றிய இடத்தில் அடுத்த துளி விழுகிறது.

மூன்று, மூன்று, இரண்டு என்ற பங்கீடு ஆப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் மிகப் பழையது. பால்கன் நாடுகளிலோ ஏழை 2, 2, 3 என்று பிரித்து ஆடுகிறார்கள். இரண்டும் மூன்றும் கலந்த பங்கீட்டுக்குப் பழகிய விரல்களுக்கு அங்கே போவது பெரிய தூரம் இல்லை. விடாமல் ஒலிக்கும் ஐந்தாம் கம்பியும் அந்நியமானதல்ல. மொராவியாவின் நாட்டுப்புறத் துருத்திக் குழலிலும் சுருதி நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். செக் சொற்களில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். சொல்லின் தலையும் கட்டைவிரலும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது, அந்த மொழி இந்த வாத்தியத்துக்காகவே பிறந்தது போலிருக்கிறது.

மலினா சில பாட்டுகளில் பான்ஜோவை வைத்துவிட்டு 'கவால்' என்ற பால்கன் புல்லாங்குழலை எடுப்பார். மூச்சு இருக்கும்வரை ஒரு சுரம் நிற்கும் வாத்தியம். பான்ஜோ புள்ளி வைக்கும், குழல் கோடு இழுக்கும்.

அந்தக் குழுவில் கோடு இழுக்கும் இன்னொரு வாத்தியம் டோப்ரோ. கித்தார் போன்ற உடல், நடுவில் கூம்பாக வடித்த மெல்லிய அலுமினியத் தகடு. மடியில் படுக்கவைத்து, எஃகுக் கட்டையைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பார்கள். தோலுக்குப் பதில் உலோகக் கூம்பு, அதனால் உரக்கவும் ஒலிக்கிறது, பான்ஜோவைவிட நீண்டும் நிற்கிறது. அதை உருவாக்கிய ஜான் டோப்யேரா ஸ்லோவாக்கியாவில் பிறந்து சிறு வயதில் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1928இல் சகோதரர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்துக்கு, டோப்யேரா என்பதன் முதல் இரண்டெழுத்தையும் சகோதரர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்றெழுத்தையும் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அவர்களுடைய தாய்மொழியில் 'டோப்ரோ' என்றால் நல்லது. அடுத்த முறை அந்தப் பாட்டை மகன் ஒலிக்கவிடும்போது, பான்ஜோவின் மழைக்கு அடியில் ஈரம் போல நீண்டு வழுக்கிச் செல்லும் ஓர் ஒலியைத் தேடிப் பாருங்கள் டீச்சர். அது டோப்ரோ.