எஸ்க்ரோ கணக்கில் குளறுபடியா? போனை வைத்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்

பிப்ரவரி, மார்ச்சில் என் மேசைக்கு வரும் ஃபார்ம் 1098-களில் (வீட்டுக் கடன் பற்றிய வருடாந்திர வரிப் படிவம்) என் கண் முதலில் தேடுவது பத்தாவது கட்டத்தை. அந்த வருடம் எஸ்க்ரோ கணக்கிலிருந்து (வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் பணம் சேர்த்து வைக்கும் கணக்கு) எவ்வளவு சொத்து வரி கட்டப்பட்டது என்பதைப் பெரும்பாலான மார்ட்கேஜ் சர்வீஸர்கள், அதாவது வீட்டுக் கடன் தவணையை வசூலிக்கும் கம்பெனிகள், அங்கேதான் போடுகிறார்கள். நான் வருமான வரி தாக்கல் செய்து கொடுக்கும் நியூ ஜெர்சியில் சொத்து வரி நான்கு தவணை: பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1. வருடத்துக்கு 12,000 டாலர் வரி உள்ள வீட்டுக்கு அந்தக் கட்டத்தில் 9,000 என்று இருந்தால், ஒரு தவணை எங்கோ தொங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரருக்கு அது பெரும்பாலும் தெரிந்திருக்காது. "அண்ணா, நான்தான் மாசாமாசம் கரெக்டா கட்டுறேனே" என்பார். அவர் கட்டியது உண்மைதான். அந்தப் பணம் வரி வாங்கும் உள்ளூராட்சியான டவுன்ஷிப்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

வீடு புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு சுருக்கம். மாதத் தவணையில் அசல், வட்டி போக ஒரு பகுதி எஸ்க்ரோவுக்குப் போகிறது. சர்வீஸர் அதைச் சேர்த்து வைத்து, உங்கள் சார்பில் சொத்து வரியையும் வீட்டு இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் கட்ட வேண்டும். கையாள்வது அவர்கள், வரி பாக்கி நிற்பது உங்கள் பெயரில். அவர்கள் கட்டத் தவறினாலும் டவுன்ஷிப் உங்கள் வீட்டின் மீதுதான் வட்டி போடும். பாக்கி நீடித்தால் டாக்ஸ் சேலில் அந்தப் பாக்கிக்கான சான்றிதழை வேறு யாரோ வாங்கிக்கொண்டு, உங்களிடம் வட்டியோடு வசூலிக்க வரலாம்.

முன்பெல்லாம் இந்தக் கட்டத்தை யாரும் கவனித்ததில்லை. கணவன் மனைவி இருவரும் ஐடி வேலையில் இருந்தால், மாநில வருமான வரி ஒன்றே 2018 முதல் மாநில, உள்ளூர் வரிகளுக்கு மொத்தமாக இருந்த 10,000 டாலர் கழிவு வரம்பை நிரப்பிவிடும். சொத்து வரி எவ்வளவு காட்டினாலும் பயனில்லை. 2025-ஆம் வரி ஆண்டில் வரம்பு 40,000 ஆக உயர்ந்தது (அந்த ஆண்டுக்கு வருமானம் 5 லட்சம் டாலரைத் தாண்டினால் குறைந்துகொண்டே வரும்). ஐட்டமைஸ் செய்பவர்களுக்கு (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவர்களுக்கு) இப்போது பத்தாவது கட்டத்தின் ஒவ்வொரு டாலரும் கணக்கில் வருகிறது. மத்திய வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். விதிப்படி, எஸ்க்ரோவில் நீங்கள் போட்ட பணத்துக்குக் கழிவு கிடையாது. அந்த வருடத்துக்குள் டவுன்ஷிப்புக்குப் போன பணத்துக்குத்தான் கழிவு. நவம்பர் தவணையான 3,000 டாலரை ஜனவரியில் கட்டினால், 24 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 720 டாலர் வரிச் சலுகை ஒரு வருடம் தள்ளிப் போகிறது.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதை இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அக்டோபரில் அவர்களுடைய கடன் ஒரு சர்வீஸரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியது. நவம்பர் தவணையைப் புதியவர் கட்டுவார் என்று பழையவர் விட்டுவிட்டார். புதியவர் இன்னும் கணக்கை ஏற்றி முடிக்கவில்லை. இரண்டு பேருமே கட்டவில்லை. டவுன்ஷிப் நோட்டீஸ் வீட்டுக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நியூ ஜெர்சியில் பாக்கியின் முதல் 1,500 டாலருக்கு 8 சதவீதம் வரையும், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 18 சதவீதம் வரையும் வட்டி போடலாம். பத்து நாள் சலுகைக் காலம் முடிந்துவிட்டால் வட்டி நவம்பர் 1 முதலே கணக்காகும். மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 97 டாலர். புதிய சர்வீஸர் ஜனவரி இறுதியில் வரியைக் கட்டிவிட்டு, அந்த வட்டியையும் எஸ்க்ரோவிலிருந்தே எடுத்துக்கொண்டார். அதாவது, தங்கள் தாமதத்துக்கான தண்டத்தை வீட்டுக்காரர் பணத்தில் கட்டினார்கள். போனில் கேட்டால் "எஸ்கலேட் செய்திருக்கிறோம்" என்று ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் சொன்னார்.

கோபம் வருவது நியாயம். ஆனால் இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் கோபத்தை உருப்படியாகச் செலவிடலாம். சர்வீஸர் உங்களுக்குக் கடன் கொடுத்தவர் இல்லை. கடன் எப்போதோ ஃபேனி மே, ஃப்ரெடி மேக் போன்ற, வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் நிறுவனங்களுக்குப் போயிருக்கும். அந்த உரிமையாளருக்காகத் தவணை வசூலிக்கும் ஏஜென்ட் இவர். சாதாரணக் கடன்களுக்கு இவருக்குக் கிடைக்கும் கூலி, மீதிக் கடனில் வருடத்துக்கு 0.25 சதவீதம் அளவில். 4 லட்சம் டாலர் கடனுக்கு ஆயிரம் டாலர். அந்த ஆயிரத்துக்குள் வசூல், கணக்கு, வரி, இன்சூரன்ஸ், கால் சென்டர் எல்லாம் அடங்க வேண்டும். வரி கட்டும் வேலையை இன்னொரு கம்பெனியிடம் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் போனில் பேசும் பிள்ளையால் அந்தக் கம்பெனியின் திரையைப் பார்க்கக்கூட முடியாது. சர்வீஸர் பிடிக்கவில்லை என்று மாற்றிக்கொள்ளும் உரிமையும் உங்களுக்குக் கிடையாது. ரீஃபைனான்ஸ் செய்தால் மட்டும் மாறலாம், அதுவும் மறுபடி இவரிடமே வந்து சேராது என்று சொல்ல முடியாது.

அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: போனில் பேசியது சட்டத்தின் கண்ணில் பேசாததற்குச் சமம். வீட்டுக் கடன் நடைமுறைகளுக்காக 1974-இல் வந்த ரெஸ்பா சட்டமும், அதன் கீழுள்ள ரெகுலேஷன் எக்ஸ் விதிகளும் எழுத்துக்குத்தான் கட்டுப்படும். 'நோட்டீஸ் ஆஃப் எரர்' (தவறைச் சுட்டும் அறிவிப்பு) என்று தலைப்பிட்டு ஒரு கடிதம் எழுதினால், சர்வீஸர் அது கிடைத்த ஐந்து வேலை நாளுக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும். முப்பது வேலை நாளுக்குள் தவற்றைத் திருத்த வேண்டும், அல்லது விசாரித்து, தவறில்லை என்பதற்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கூடுதலாகப் பதினைந்து வேலை நாள் எடுத்துக்கொள்ளலாம், அதையும் காரணத்தோடு எழுத்தில்தான் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வரியையோ பிரீமியத்தையோ நேரத்துக்குக் கட்டாதது இந்த விதியில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கும் தவறுகளில் ஒன்று. உங்கள் தவணை முப்பது நாளுக்கு மேல் பாக்கி இல்லை என்றால், அபராதம் விழாத தேதிக்குள் கட்டுவது அவர்கள் கடமை. கணக்கில் பணம் போதாவிட்டாலும் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிவிட்டு, அப்புறம் உங்களிடம் வசூலிக்க வேண்டும்.

எங்கே அனுப்புவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தவணைச் செக் அனுப்பும் முகவரி வேறு, புகாருக்கான முகவரி வேறு. மாத ஸ்டேட்மென்ட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்திலோ, அவர்கள் இணையதளத்தின் ஒரு மூலையிலோ அது இருக்கும். அவர்கள் அப்படி ஒரு முகவரியை அறிவித்திருந்தால், வேறு இடத்துக்கு அனுப்பிய கடிதத்துக்கு மேலே சொன்ன கெடு எதுவும் ஓடாது. தவணைக் கூப்பனின் ஓரத்தில் எழுதி அனுப்புவதும் செல்லாது. சர்ட்டிஃபைட் மெயிலில், ரிட்டர்ன் ரசீதோடு அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கம் போதும்: பெயர், வீட்டு முகவரி, கடன் எண், எந்தத் தவணை எந்தத் தேதியில் கட்டப்பட்டிருக்க வேண்டும், உண்மையில் எப்போது கட்டப்பட்டது, எவ்வளவு வட்டி விழுந்தது, அதை எஸ்க்ரோவில் திரும்பப் போட வேண்டும். டவுன்ஷிப் தளத்திலிருந்து எடுத்த வரிக் கணக்கின் நகலை இணையுங்கள். உங்கள் மனவேதனை, வாடிக்கையாளராக நீங்கள் இருந்த காலம், கால் சென்டரில் காத்திருந்த நேரம் எல்லாம் வேண்டாம். நான் சொன்ன குடும்பத்துக்குக் கடிதம் போன பிறகு வட்டித் தொகை எஸ்க்ரோவில் திரும்பி வந்துவிட்டது. 97 டாலருக்கு இவ்வளவா என்று கேட்கலாம். அடுத்த தவணைக்கும் அவர்கள் ஒழுங்காக இருக்க வேண்டுமே!

கோபத்தில் செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது. எஸ்க்ரோவில் பணம் போதவில்லை என்று சர்வீஸர் உயர்த்திய தவணை தவறு என்று நீங்கள் நினைத்தாலும், குறைத்து அனுப்பாதீர்கள். முழுத் தொகைக்குக் குறைவாக வரும் பணத்தைத் தவணையில் வரவு வைக்காமல் தனியாகச் 'சஸ்பென்ஸ்' கணக்கில் போட்டு வைப்பார்கள். தாமதக் கட்டணம் ஏறும், அப்புறம் கிரெடிட் ரிப்போர்ட். சர்ச்சைக்குரிய தவணையைப் பற்றிக் கடிதம் கிடைத்த 60 நாள் வரை கிரெடிட் நிறுவனங்களிடம் பாதகமாகச் சொல்லக் கூடாது என்று விதி உண்டு. அந்தப் பாதுகாப்பை நம்பிச் சூதாட வேண்டாம். வயிறு எரிந்தாலும் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

இனி, வருடத்துக்கு ஒருமுறை வரும் எஸ்க்ரோ ஸ்டேட்மென்ட். பலர் புதுத் தவணை எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். அதில் இரண்டு பகுதி இருக்கும்: கடந்த வருடம் நடந்தது, வரும் வருடத்துக்கான கணிப்பு. கணிப்பில் உள்ள வரியையும் பிரீமியத்தையும் உங்கள் கையிலுள்ள பில்லோடு ஒப்பிடுங்கள். 'குஷன்' என்று அவர்கள் கூடுதலாக வைத்துக்கொள்ளக்கூடியது வருடச் செலவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இரண்டு மாதத் தொகை. வரி 12,000, இன்சூரன்ஸ் 1,800 என்றால் மொத்தம் 13,800. குஷன் 2,300-ஐத் தாண்டக் கூடாது. 'ஷார்ட்டேஜ்', அதாவது கணக்கில் இருக்க வேண்டியதைவிடக் குறையும் தொகை, ஒரு மாத எஸ்க்ரோ தொகைக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால், ஒரே தடவையில் கட்டு என்று கட்டாயப்படுத்த முடியாது. குறைந்தது 12 மாதங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். கணக்கு மைனஸில் போயிருந்தால் அதற்கு 'டெஃபிஷியன்ஸி' என்று பெயர், அதை இதைவிடச் சீக்கிரம் கேட்கலாம். மாறாக, 50 டாலரோ அதற்கு மேலோ மிச்சம் இருந்து, நீங்கள் பாக்கி இல்லாமல் கட்டிவருபவராகவும் இருந்தால், 30 நாளுக்குள் செக் அனுப்ப வேண்டும்.

எல்லாப் பழியையும் சர்வீஸர் மீது போடவும் கூடாது. எடிசன், சவுத் பிரன்ஸ்விக் பக்கம் புது டவுன்ஹவுஸ் வாங்கும் நம்மவர்கள் மாட்டுவது வேறொரு விஷயத்தில். வீடு முடிந்த வருடத்தில் வரி மதிப்பீடு வெறும் மனைக்கு மட்டும் இருக்கலாம். எஸ்க்ரோவும் அந்த 3,000 டாலர் கணக்கில் அமைந்திருக்கும். "தவணை இவ்வளவுதானா!" என்று சந்தோஷப்பட்டு கார் ஒன்றும் வாங்கிவிடுவார்கள். அப்புறம் வீட்டையும் சேர்த்து 12,000 ஆகும்போது, இனிமேலுக்கு மாதம் 750 கூடுகிறது. விட்டுப்போன 9,000-ஐ 12 மாதத்துக்குப் பிரித்தால் இன்னொரு 750. குஷனைச் சேர்க்காமலே மாதம் 1,500 டாலர் ஏறுகிறது. இடையில் அக்டோபரில், புதிதாகக் கட்டிய பகுதிக்கான 'ஆடட் அசெஸ்மென்ட்' என்ற கூடுதல் வரி பில் ஒன்று வீட்டுக்கு வரும், கெடு நவம்பர் 1. அது உங்களுக்குத்தான் வரும், சர்வீஸருக்குத் தானாகப் போகும் என்று நம்பாதீர்கள். உடனே அனுப்பி, கட்டுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். புதுக் குடியிருப்புகளில், வரிக் கணக்கில் வீட்டை அடையாளம் காட்டும் பிளாக், லாட் எண் குழப்பமும் சகஜம். காண்டோவாக இருந்தால் குவாலிஃபையர் எண்ணும் உண்டு. ஓர் எண் மாறினால் உங்கள் பணத்தில் பக்கத்து வீட்டு வரி கட்டப்பட்டிருக்கும். டவுன்ஷிப் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இன்சூரன்ஸிலும் இதே கதை. மலிவாகக் கிடைக்கிறது என்று நடுவில் கம்பெனி மாற்றுவார்கள். பழைய கம்பெனி மிச்சப் பிரீமியத்தை உங்கள் பெயருக்கே செக்காக அனுப்பும். அது எஸ்க்ரோ பணம், தீபாவளி போனஸ் இல்லை. திருப்பிப் போடாவிட்டால் அடுத்த வருடம் ஷார்ட்டேஜ் வரும். புதிய பாலிசியில் பழைய சர்வீஸர் பெயர் இருந்தால், புதியவர் உங்களுக்கு இன்சூரன்ஸே இல்லை என்று முடிவு செய்து, தானே ஒன்றை வாங்கி உங்கள் தலையில் கட்டுவார். இந்த 'ஃபோர்ஸ் பிளேஸ்ட்' பாலிசி விலை அதிகம், பொதுவாக உங்கள் வீட்டுச் சாமான்களுக்குப் பாதுகாப்பு தராது. வசூலிப்பதற்கு 45 நாள் முன்பே ஒரு நோட்டீஸ், அப்புறம் ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். உங்கள் பாலிசி நடப்பில் இருக்கிறது என்று ஆதாரம் கொடுத்தால், 15 நாளுக்குள் ரத்து செய்து, இரண்டு பாலிசியும் சேர்ந்து ஓடிய காலத்துக்கான பணத்தைத் திருப்ப வேண்டும்.

இது அங்கொன்று இங்கொன்றாக நடப்பதில்லை. 2017-இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி., ஆக்வென் என்ற சர்வீஸர் மீது தொடுத்த வழக்கில் எஸ்க்ரோ குளறுபடியும் இன்சூரன்ஸ் பிரீமியத்தை நேரத்துக்குக் கட்டாததும் முக்கியக் குற்றச்சாட்டுகள். 2020 டிசம்பரில் நேஷன்ஸ்டார் என்ற இன்னொரு சர்வீஸருடன் ஏற்பட்ட சமரசத்திலும் சொத்து வரியை நேரத்துக்குக் கட்டாத குற்றச்சாட்டு இருந்தது. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் சி.எஃப்.பி.பி.யிடம் இணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் 2025-இலிருந்து அந்த அமைப்பையே சுருக்கும் முயற்சி நடக்கிறது. அதனால் சர்வீஸர்களுக்கு உரிமம் கொடுக்கும் மாநில வங்கி, காப்பீட்டுத் துறையிலும் ஒரு புகார் போட்டு வைக்கச் சொல்கிறேன். தொகை பெரிதென்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். உண்மையான நஷ்டத்தையும், வென்றால் வக்கீல் கட்டணத்தையும் சட்டம் தருகிறது. கடிதம் அனுப்பிய ரசீதைத்தான் அவர் முதலில் கேட்பார்.

எஸ்க்ரோவே வேண்டாம், நானே கட்டிக்கொள்கிறேன் என்று கேட்க முடியுமா? அரசு காப்பீடு உள்ள எஃப்.எச்.ஏ. கடனுக்கு முடியாது. மற்ற கடன்களில், மீதிக் கடன் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்து, தவணைகளும் ஒழுங்காக இருந்தால் சிலர் சம்மதிப்பார்கள், சிலர் கட்டணம் கேட்பார்கள். நியூ ஜெர்சியில் எஸ்க்ரோ பணத்துக்கு வட்டி தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஆகவே சேமிப்புக் கணக்கில் நீங்களே வைத்துக் கட்டினால் கொஞ்சம் வட்டியும் மிஞ்சும். நான்கு தேதிகளையும் மறக்காமல் கட்டுவேன் என்பவர்களுக்குக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். கிரெடிட் கார்டு தேதியையே மறப்பவர்கள் எஸ்க்ரோவிலேயே இருக்கட்டும்.