மெட்டில் ஏறிய எண்

பத்து இலக்க எண்ணை ஒருவர் சொல்லி முடிக்க, நாம் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் நடுவில் இரண்டு மூன்று இலக்கங்கள் நழுவியிருக்கும். ஆனால் எப்போதோ கேட்ட விளம்பரப் பாட்டின் தொலைபேசி எண், அந்த நிறுவனமே மூடிய பிறகும், வாயில் தானாக வரும்.

உடனடி நினைவில் ஏறக்குறைய ஏழு உருப்படிகள்தான் நிற்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001இல் அதை நான்கு என்று குறைத்தார். நல்லவேளை, உருப்படி என்றால் ஒற்றை இலக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மூன்று இலக்கம் சேர்ந்த கொத்தும் ஒரே உருப்படிதான். எங்கே கொத்து பிரிய வேண்டும் என்பதைத் தாளமும் இடைநிறுத்தமும் காட்டிவிடுகின்றன.

மெட்டு இன்னொரு வேலையும் செய்கிறது: தப்பான இலக்கத்தை உள்ளே விடுவதில்லை. 'ஏழு' வரவேண்டிய இடத்தில் 'ஒன்பது' என்று பாடிப் பாருங்கள். 'ஏ-ழு' என்று இரண்டு துண்டு உட்காரும் இடத்தில் 'ஒன்-ப-து' என்று மூன்று துண்டு முட்டிக்கொண்டு நிற்கும், தாளம் தப்பும். சரி, 'ஏழு'க்குப் பதில் 'ஆறு' வந்தால்? இரண்டும் ஒரே அளவு, மெட்டுக்கு வித்தியாசம் தெரியாது. அங்கே காவலுக்கு இயைபு வேண்டும். அதனால்தான் கெட்டிக்காரப் பாடலாசிரியர் எண்ணின் கடைசி இலக்கத்தை நிறுவனத்தின் பெயரோடு ஓசை இயையும்படி முடிப்பார்.

மெட்டுப் போட்டால் மட்டும் எதுவும் மனதில் ஒட்டிவிடாது. வாண்டா வாலஸ் 1994இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரே மெட்டு பல சரணங்களில் திரும்பத் திரும்ப வந்தபோது கேட்டவர்களுக்கு வரிகள் நன்றாக நினைவில் நின்றன. ஒரு சரணத்தை மட்டும் கேட்டவர்களுக்கோ, பாடிக் கேட்டதைவிடப் பேசிக் கேட்டதே மேலாக நின்றது. புது மெட்டு, தானே கற்றுக்கொள்ள வேண்டிய கூடுதல் சுமை. விளம்பரங்கள் நம்மைச் சலிக்கவைக்கும் அளவுக்குத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. பாட்டாகப் பதிந்த எண்ணில் ஆறாவது இலக்கம் எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று வராது. ஒவ்வோர் இலக்கமும் அதற்கு முந்தைய ஓசையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. ஆகவே முதலிலிருந்து முணுமுணுத்து, விரல் விட்டு எண்ணித்தான் அங்கே போய்ச் சேர முடியும்.