தொட்டால் பால், தட்டினால் கல்

அடைமழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாளைப் பற்றித் திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வாசலுக்கு வெளியே அனுப்ப முடியாத நான்கு வயது மகனைச் சமாளிக்க, கடையில் வாங்கிய கார்ன்ஃபிளாரைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து ஒரு தட்டில் ஊற்றிக் கொடுத்தாராம். விரலை மெல்ல வைத்தால் பாலுக்குள் இறங்குவதுபோல் இறங்கியிருக்கிறது. ஓங்கிக் குத்தினால் தரையைக் குத்தியதுபோல் கை திரும்பி வந்திருக்கிறது. "மாவுக்குக் கோபம் வருதாம்மா?" என்று பையன் கேட்டதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்றும், அந்தப் பதிலை நான் எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

பதில் எழுதும் முன் என் அண்ணன் மகளை உட்கார வைத்து நானும் கரைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ இரண்டு டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்பது கணக்கு. தண்ணீரைச் சிறிது சிறிதாகத்தான் சேர்க்க வேண்டும். கடைக்காரரிடம் 'சோள மாவு' என்று கேட்டால் உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் விளையும் வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவைக் கொடுத்துவிடக்கூடும். நமக்கு வேண்டியது அதுவன்று. மக்காச்சோளத்திலிருந்து மாவுச்சத்தை மட்டும் பிரித்தெடுத்த, தொட்டால் கறக் கறக் என்று நெறியும் வெண்பொடி. மைதாவில் இந்த வித்தை நடக்காது, ஏனெனில் அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் எல்லாவற்றையும் இழுவையாகப் பிணைத்துவிடும். அரிசி மாவிலோ மாவுச்சத்துத் துகள்கள் தனித்தனியாகப் பிரியாமல் சிறு கட்டிகளாக ஒட்டிக்கிடக்கும்.

குழந்தை விரலைச் செலுத்தினாள், அது இறங்கியது. பிறகு வெடுக்கென்று இழுத்தாள். விரலோடு தட்டும் சேர்ந்து எழும்பியது. "சித்தப்பா, மாவு என் விரலைப் பிடிச்சுக்கிருச்சு!" என்றாள். இந்தக் கட்டுரை முழுவதும் அவள் சொன்ன அந்தப் பிடியைப் பற்றியதுதான்.

தண்ணீர், எண்ணெய் போன்றவற்றை மெதுவாகக் கலக்கினாலும் வேகமாகக் கலக்கினாலும் ஓட்டத்தைத் தடுக்கும் அவற்றின் பாகியல் தன்மை மாறுவதில்லை. 1687-இல் வெளியான தம் நூலில் நியூட்டன் வகுத்த இலக்கணம் இது, பள்ளியில் படித்ததுதான். நம் தட்டில் இருப்பது அந்த இலக்கணத்துக்கு அடங்காத பொருள், ஏனென்றால் அது திரவம் மட்டுமன்று. மாவுச்சத்து குளிர்ந்த தண்ணீரில் கரைவதே இல்லை. ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒட்டிய அளவுள்ள, கெட்டியான, கோணல்மாணலான ஒரு மணி. தலைமுடி ஒன்றின் பருமனில் ஐந்தாறு மணிகளை வரிசையாக அடுக்கிவிடலாம். கரைத்த மாவில் இவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, ஒவ்வொன்றுக்கும் இடையில் மெல்லிய ஏடாகத் தண்ணீர் நிற்கிறது.

விரல் மெதுவாக நுழையும்போது, அந்த நீரேடு எண்ணெயிட்ட அச்சுபோல வேலை செய்கிறது. மணிகள் ஒன்றையொன்று தொடாமலே வழுக்கி, சுற்றிக்கொண்டு, இடம் விட்டு விலகுகின்றன. விலகுவதற்கு அவற்றுக்கு நேரம் இருக்கிறது என்பதே இதில் முக்கியம். குத்தும்போது நடப்பது வேறு. மணிகளை விலக்கி வைத்திருக்கும் சிறிய தள்ளுவிசையை விடக் குத்தின் அழுத்தம் மிகுந்துவிடுவதால், இடையிலிருந்த நீரேடு பிதுங்கி வெளியேறி, மணியும் மணியும் நேருக்கு நேர் உரசுகின்றன. வழுக்கிய இடத்தில் உராய்வு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு மணி அடுத்ததன்மேல் முட்டி, அது அதற்கடுத்ததன்மேல் முட்டி, விரலிலிருந்து தட்டின் அடிவரை முட்டுக்கொடுத்த தூண்கள்போலச் சங்கிலிகள் உருவாகின்றன. கையை எடுத்ததும் அழுத்தம் நீங்குகிறது, தண்ணீர் மீண்டும் இடையில் புகுகிறது, கல் மறுபடி பாலாகிறது. வழுக்கலிலிருந்து உராய்வுக்குத் தாவும் இந்தத் திருப்பத்தை மத்தியூ வியார், மைக்கேல் கேட்ஸ் என்ற இயற்பியலர் இருவரும் 2014-இல் கணிதமாக வடித்துக் காட்டினார்கள்.

தண்ணீர் இல்லாமலே இந்தப் பிடியைக் குழந்தைக்குக் காட்டலாம். கழுத்துக் குறுகிய பித்தளைச் செம்பில் அரிசியை நிரப்பித் தட்டித் தட்டி அமுக்கி, மரக்கரண்டியின் காம்பைப் பலமுறை குத்திக் குத்தி எடுங்கள். ஒரு கட்டத்தில் காம்பைத் தூக்கினால் செம்பும் சேர்ந்தே எழும்பும். நெருக்கமாக அமர்ந்த மணிகள் அசைய வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். ஏற இடம் வேண்டும். இடம் இல்லாததால் இறுகுகின்றன. வைகையில் தண்ணீர் வடிந்த ஈர மணலில் நடப்பவர்கள், காலடியைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளிறி உலர்வதைப் பார்த்திருப்பார்கள். மிதித்ததும் மணல்மணிகள் சற்றே விலகி எழ, அந்த இடைவெளிக்குள் மேற்பரப்புத் தண்ணீர் இறங்கிவிடுகிறது. 1885-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியலர் இதை விளக்கியபோது கடற்கரை மணலைத்தான் எடுத்துக்காட்டினார்.

ஒரு தொட்டி நிறைய இந்தக் கரைசலை ஊற்றினால் அதன்மேல் ஆளே ஓடலாம், நின்றால் உள்ளே இறங்கிவிடுவார். இதற்குரிய காரணத்தை 2012-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்காட் வைடுகைடிஸும் ஹைன்ரிஷ் யேகரும் கண்டறிந்தனர். ஒரு கம்பியைக் கரைசலின்மேல் விழவைத்து, அதிவேகக் கேமராவாலும் எக்ஸ் கதிராலும் படம்பிடித்தார்கள். கம்பிக்குக் கீழே இறுகிய கட்டி ஒன்று பிறந்து, முன்னால் உள்ள மணிகளையும் சேர்த்துக்கொண்டே கீழ்நோக்கி வளர்ந்தது. கால் மோதுவது வெறும் கரைசலின்மேல் அன்று, அந்த நொடியில் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பாறையின்மேல்.

இதைவிட எனக்கு இனிக்கும் செய்தி ஒன்று உண்டு. எல்லாப் பொடிகளும் ஏன் இப்படி இறுகுவதில்லை என்ற கேள்விக்கு அதே பல்கலைக்கழகக் குழு 2018-இல் யூரியாவைக் கொண்டு விடை கண்டது. மாவுமணிகளின் மேற்பரப்பு, தொட்ட கணத்தில் ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய ஈர்ப்பால் பக்கத்து மணியைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. தண்ணீரில் யூரியாவைக் கரைத்து அந்தப் பிணைப்பைக் குலைத்ததும் இறுகும் தன்மை போய்விட்டது. குழந்தை சொன்ன 'பிடிச்சுக்கிருச்சு' என்ற சொல் அறிவியல்படியும் சரியானது! (உரமூட்டையைத் திறந்து வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

இதே மாவைக் கொதிக்க வைத்தால் கதை மாறிவிடும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மணிகள் தண்ணீரை உறிஞ்சி ஊதி உடைந்து கூழாகின்றன. சுங்குடிச் சேலைக்குப் போடும் கஞ்சி அதுதான். அதில் மணியும் இல்லை, ஆகவே முட்டுக்கட்டும் இல்லை.

இது குழந்தையின் கைக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. உள்ளங்கைத் தோலில் இருவகை உணரிகள் உள்ளன: நிலையான அழுத்தத்தை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பவை ஒரு வகை; மாற்றத்தையும் அதிர்வையும் மட்டும் சொல்பவை மறுவகை. இந்தக் கரைசல் ஒரே நிமிடத்தில் இரண்டையும் மாறிமாறித் தட்டி எழுப்புகிறது. அதற்காக 'மூளை வளர்ச்சிப் பெட்டி' என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்பவர்களை நம்பிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இந்த மாவுப் பொட்டலத்தையே அங்கன்வாடிதோறும் வாங்கிக் கொடுப்பதற்கு அரசுக்குப் பெருஞ்செலவு ஆகாது. ஆய்வகம் என்பது ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்க வேண்டும் என்று யார் விதித்தது?

ஈரத்தில் கைவைத்தால் சளி பிடிக்கும் என்று பெரியவர்கள் தட்டைப் பிடுங்குவதையும் வாசகி வருத்தத்துடன் குறிப்பிட்டிருந்தார். சளி வைரஸால் வருவது. இருமுகிற ஒருவரிடமிருந்தோ அவர் தொட்ட பொருளிலிருந்தோ வருவது. சுத்தமான தட்டில் கரைத்த மாவு அதைக் கொண்டுவராது. விளையாடியபின் கையைத் துடைத்துவிடுங்கள். மழைநாளில் பிள்ளைக்குக் குளிராமல் இருக்கும். உலர்ந்த பொடியை முகத்தருகே ஊதவும், பச்சை மாவைத் தின்னவும் விடாதீர்கள்.

விளையாட்டு முடிந்ததும் மீதியைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது, அடியில் படிந்து குழாயை அடைத்துவிடும். ஒரு கிண்ணத்தில் கனமாக ஊற்றி, ஈரம் முழுவதும் போகும்வரை மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். மார்கழியில் சில நாட்கள் பிடிக்கும். கோடையில் கண்மாய்ப் படுகை வெடிப்பதுபோல் முதலில் மேலே வெடிக்கும். நன்றாகக் காய்ந்தபின் கட்டியை உடைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். வெடிப்பு கீழ்நோக்கி இறங்கி, ஐந்தாறு பட்டைகள் கொண்ட மெல்லிய தூண்களாக மாவைப் பிளந்திருக்கும். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது பசால்ட் என்ற கரிய பாறை தூண்தூணாகப் பிளப்பதும் இதே முறையில்தான். அண்ணன் மகள் அந்தத் தூண்களில் ஒன்றைத் தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.