அனார்க்கி: ஆட்சிக் குலைவு

இங்கிலாந்தை ஸ்டீபன் மன்னர் ஆண்ட 1135 முதல் 1154 வரையான காலத்துக்கு வரலாற்று நூல்கள் இட்டிருக்கும் பெயர் 'அனார்க்கி'. இது அக்காலத்தவர் வைத்த பெயரன்று. 19ஆம் நூற்றாண்டு ஆசிரியர்களால் வழக்கில் நிலைத்தது.

சொல் கிரேக்கம். 'அன்' இன்மையையும் 'ஆர்கோஸ்' தலைவனையும் குறிப்பதால், நேர்ப்பொருள் தலைவனின்மை. ஆனால் பழைய ஏதென்சில் இச்சொல்லுக்கு நுட்பமான ஒரு வழக்கு இருந்தது. அங்கே ஒவ்வோர் ஆண்டும் அவ்வாண்டின் ஆர்கோன் என்னும் ஆட்சியாளர் பெயரால் வழங்கிற்று, கி.மு. 404இல் முப்பதின்மர் குழு ஆட்சியில் அப்பதவிக்கு வந்தவரை ஏற்க மறுத்த மக்கள், அவ்வாண்டை 'அனார்கியா' என்றே குறித்தனர். பதவியில் ஆள் இருந்தார், ஏற்புதான் இல்லை.

ஸ்டீபனின் நிலையும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. அவருக்கு முன் ஆண்ட முதலாம் ஹென்றியின் முறைப்படியான ஒரே மகன் 1120இல் 'வெள்ளைக் கப்பல்' மூழ்கி இறந்துபோக, மகள் மெட்டில்டாவை வாரிசாக ஏற்பதாகப் பிரபுக்களிடம் மன்னர் சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்தவர்களுள் ஒருவரான, மன்னரின் சகோதரி மகன் ஸ்டீபனே, ஹென்றி இறந்த மூன்று வாரத்தில் முடிசூடிக்கொண்டார். 1141இல் லிங்கன் போரில் அவர் மெட்டில்டா தரப்பினரிடம் சிறைப்பட்டார். ஆயினும் முடிசூட்டு விழாவுக்கு முன்பே லண்டன் மக்கள் மெட்டில்டாவை நகரைவிட்டு விரட்டினர். முடி சூடியவர் சிறையில் இருக்க, வென்றவருக்கு முடி கிட்டவில்லை. மேற்கே பிரிஸ்டலில் மெட்டில்டா பெயரில் நாணயமும் அடிக்கப்பட்டது. பிரபுக்கள் ஒப்புதலின்றிக் கோட்டைகள் எழுப்பிக் குடிகளை வதைத்தனர். நாள் முழுதும் நடந்தாலும் ஊரில் ஆளையோ உழுத நிலத்தையோ காண முடியாது என்றும், கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் உறங்கிவிட்டதாக மக்கள் வாய்விட்டுச் சொன்னார்கள் என்றும் பீட்டர்பரோ மடத்துத் துறவி ஒருவர் எழுதிவைத்தார்.

தமிழில் இதனை 'அராஜகம்' என்பாருண்டு. அரசனின்மை என்றே பொருள்படும் இவ்வடசொல், அமைப்பில் கிரேக்கச் சொல்லின் உடன்பிறப்புப் போன்றது. ஆனால் இன்று 'அராஜகம் பண்ணுகிறான்' என்றால் அடாவடி என்றுதான் கொள்கிறோம். 'கொடுங்கோன்மை' அறவே பொருந்தாது. அது கோலின் கொடுமை, இங்கே நேர்ந்ததோ கோலின் தளர்ச்சி. 'அரசின்மை' என்பதை, அரசே வேண்டா என்னும் அனார்க்கிசக் கோட்பாட்டுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

ஸ்டீபன் காலத்துக்கு 'ஆட்சிக் குலைவு' என்பதே தகும். தென்கிழக்கில் அவருடைய நிர்வாகம் ஓரளவு நடந்துகொண்டுதான் இருந்தது என இக்கால ஆய்வாளர் பலர் காட்டுவதால், 'இன்மை'யைவிடக் 'குலைவு' உண்மைக்கு நெருக்கமானது.