கேரக்டர் டிஸ்பிளே என்றால் எழுத்துத் திரை

ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையோடு விளையாட ஆரம்பிப்பவர்கள் பலர் சீக்கிரமே வாங்குவது 16×2 எல்சிடி திரை. கடையில் அதை 'கேரக்டர் டிஸ்பிளே' என்பார்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு 16 கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் 5×8 புள்ளிகள். கட்டத்துக்கு ஓர் எண்ணை அனுப்பினால் அந்த எண்ணுக்குரிய வடிவம் அங்கே தோன்றும். அந்த ஒற்றை வடிவம்தான் இங்கே கேரக்டர்.

இது கிரேக்கச் சொல். கீறு, செதுக்கு என்ற வினையிலிருந்து வந்தது. நாணயத்தில் முத்திரை பதிக்கும் கருவியையும், அது பதித்த தடத்தையும் குறித்தது. பதிந்த அடையாளம் என்பதிலிருந்து ஒரு கிளை எழுத்துக்குப் போனது, இன்னொன்று ஒருவரின் குணத்துக்குப் போய், பிற்பாடு கதைமாந்தருக்கும் வந்தது.

இந்தச் சின்னத் திரையில் விளையாட்டு செய்தால் இரண்டு கிளையும் சேர்ந்துவிடுகின்றன. தடையைத் தாண்டி ஓடும் மனிதனை எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் அவன் பாத்திரம், திரைக்கு அவன் ஓர் எழுத்து. கீழ் வரிசையில் இருந்த எழுத்தை அழித்து மேல் வரிசையில் போட்டால் அவன் குதித்துவிட்டான்!

அந்த எழுத்தை நாமே வரையலாம். இத்திரைகளுக்கு அடிப்படையான ஹிட்டாச்சியின் எச்டி44780 சிப்பில், நம் வடிவங்களுக்கென்றே 64 பைட் நினைவகம் உண்டு. ஒரு வடிவத்துக்கு 8 பைட், ஆக எட்டு வடிவங்கள். 'ப' வேண்டுமா? புள்ளி தெரியவேண்டிய இடத்துக்கு 1, மற்ற இடத்துக்கு 0 என்று இரும எண்ணாக எழுதுங்கள். முதல் ஆறு வரிசைக்கு 10001, அதாவது 17, ஏழாவதற்கு 11111, அதாவது 31, எட்டாவதற்கு 0. அவ்வளவுதான். 'ட'வும் இப்படியே அடங்கும். 'ண' ஐந்து புள்ளி அகலத்தில் திணறும். இரண்டு கட்டத்தில் பிரித்துப் போட்டாலும் நடுவிலுள்ள இடைவெளி அதைப் பிளந்து காட்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கணினித் தமிழில் கேரக்டருக்கு 'வரியுரு' என்ற சொல் இருக்கிறது. எண், நிறுத்தக்குறி, வெற்றிடம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டிய இடத்தில் அது துல்லியமானது. திரைக்கு மட்டும் 'எழுத்துத் திரை' என்றே சொல்ல விரும்புகிறேன். எழுத்து என்றால் அ, ஆ மட்டும்தானே, ஓடும் மனிதனின் படம் எப்படி எழுத்தாகும் என்று சிலர் கேட்கலாம். தமிழில் எழுதுதல் என்பது வரைதலும்தான். கண்ணுக்கு மை எழுதுகிறோம், ஓவியம் எழுதினார் என்கிறோம். குறள் 1285-இல் 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்று வருவதும் மை தீட்டுவதைத்தான்.

விளையாட்டில் ஓடுபவனைப் 'பாத்திரம்' என்றும், அவனைக் காட்டும் எட்டு பைட் வடிவத்தை 'வரியுரு' என்றும் பிரித்துச் சொல்வது நல்லது. ஓடும் அசைவுக்குக் கால் விரித்த நிலை, சேர்த்த நிலை என ஒரே பாத்திரத்துக்கு இரண்டு வரியுரு தேவைப்படும்.